காதுக் குறும்பி: எண்ணெயா, ஆப்பசோடாத் தண்ணீரா, குச்சியா?

சித்திரை பிறப்பும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வருவதால், ஏப்ரல் நடுவில் யாங்கோனில் நனையாமல் தப்பிக்கிற தமிழ் வீடு கிடையாது. குழாய் பிடித்து அடிக்கிற தண்ணீருக்கு முகம், தலை, காது என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. திருவிழா முடிந்த வாரத்தில் எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டிருப்பார். உள்ளே தண்ணீர் நிற்கிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பல பேருக்கு நிற்பது தண்ணீர் இல்லை. ஏற்கெனவே சேர்ந்து கிடந்த குறும்பி தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போய், மிச்சமிருந்த இடைவெளியையும் அடைத்துவிட்டது.

உடனே வைத்தியங்கள் வந்து குவியும். அம்மா நல்லெண்ணெயை எடுப்பார். பக்கத்து வீட்டு பர்மியக்கா மூங்கில் குறும்பிவாங்கியை நீட்டுவார். தம்பி போனைப் பார்த்து ஹைட்ரஜன் பெராக்சைடு என்பான். தாத்தாவுக்குப் பூண்டு எண்ணெய்தான் மருந்து. இவற்றில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறும்பி அழுக்கு இல்லை. செவிக்குழலின் வெளிப்பக்கத்தில் உள்ள சுரப்பிகள் வேண்டுமென்றே சுரக்கிற காப்பு அது. லேசான அமிலத்தன்மை உள்ளது. தூசியையும் கிருமியையும் தடுத்து நிறுத்துகிறது. உள்ளேயுள்ள தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்கிறது. மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதற்கு உதவுகிறது. இப்படிப் பழைய குறும்பி தானாகவே வெளியே வந்துவிடும். காது நன்றாகக் கேட்கிறது, வலியோ அரிப்போ இல்லை என்றால் எந்த வைத்தியமும் வேண்டாம். அடைப்பு, மந்தம், இரைச்சல் இருந்தால்தான் மேலே படியுங்கள்.

குச்சி, பட்ஸ், குறும்பிவாங்கி

நம் ஊரில் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. மூங்கில் குறும்பிவாங்கி இங்கே பல வீடுகளில் சீப்போடு சேர்ந்து கிடக்கும் சாமான். பர்மிய நண்பர் ஒருவர் சுலபமாகச் சுரண்டி எடுத்துக் காட்டுவார். அதே குச்சியை நாம் விட்டால் ஒன்றும் வராது, அடைப்புதான் கூடும். இதற்குக் காரணம் கைப்பழக்கம் மட்டும் இல்லை.

மனிதர்களுக்கு இரண்டு வகைக் குறும்பி உண்டு. ஒன்று சாம்பல் நிறத்தில் பொடுகு மாதிரி உதிர்கிற உலர் வகை. மற்றது தேன் நிறத்தில் பிசுபிசுப்பான ஈர வகை. எது யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது ஏபிசிசி11 என்ற ஒரே மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கிழக்கு ஆசியாவில் பெரும்பாலோருக்கு உலர் வகை. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலோருக்கு ஈர வகை. தெற்காசியாவில் இரண்டும் கலந்திருக்கிறது. அதனால் நம் குடும்பங்களில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு இன்னொன்று என்றுகூட இருக்கலாம். உலர்ந்த செதில் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரலாம். பிசுபிசுப்பான குறும்பி குச்சியின் முனையில் கொஞ்சம் ஒட்டும், மீதியெல்லாம் உள்ளே தள்ளப்பட்டு செவிப்பறை பக்கமாய் இறுகும். பட்ஸ் செய்வதும் இதையேதான். பஞ்சு நுனியில் மஞ்சளாய் ஒட்டியிருப்பதைப் பார்த்து சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறோம். உள்ளே போனது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதற்காக உலர் வகைக்காரர்கள் குச்சி விடலாம் என்று சொல்லவில்லை. பெரியவர்களின் செவிக்குழல் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் முடிவில் செவிப்பறை. உட்பகுதியில் தோல் மிக மெல்லியது, எலும்பின் மேலேயே போர்த்தியிருப்பது. லேசாகக் கீறினாலும் ரத்தம் வரும். பின்னால் யாராவது இடித்தால் போதும், குழந்தை ஓடிவந்து மடியில் ஏறினால் போதும். ஹேர்பின், தீக்குச்சி, சாவி இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2017-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் பட்ஸ் உள்ளிட்ட எதையும் காதுக்குள் விட வேண்டாம் என்றே சொல்கிறது. இந்தப் போட்டியில் என் கணக்குப்படி முதலில் வெளியேற வேண்டியது குச்சிதான்.

எண்ணெய்

எண்ணெய் குறும்பியைக் கரைக்காது. ஊறவைத்து, வழுக்கிவிட்டு, காது தன் வேலையைத் தானே செய்ய வழிவிடும். அடிப்பிடித்த சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிற மாதிரி. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை சொல்கிற முறை இதுதான்: மருந்துக்கடையில் விற்கிற ஆலிவ் எண்ணெய் அல்லது பாதாம் எண்ணெயில் 2 அல்லது 3 சொட்டு, ஒரு நாளைக்கு 3, 4 தடவை, 3 முதல் 5 நாள் வரை. விட்ட பிறகு அடைத்த காது மேலே இருக்கும்படி 5 முதல் 10 நிமிடம் படுத்திருக்க வேண்டும். அப்புறம் குறும்பி வெளியே வந்து முடிய இரண்டு வாரம்கூட ஆகலாம்.

இந்தப் பொறுமையில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். எங்கள் வீட்டில் அத்தைக்கு விடும்போது ஆரம்பத்தில் அவர் கோபப்பட்டார். "என்னப்பா இது, முன்னாடியாவது கொஞ்சம் கேட்டுச்சு, இப்ப சுத்தமா அடைச்சுப்போச்சு" என்றார். அப்படித்தான் ஆகும். ஊறுகிற குறும்பி முதலில் இன்னும் பருக்கும், கேட்பது இன்னும் குறையும். சில நாள் கழித்து ஒரு காலையில் தலையணை உறையில் பழுப்பு நிறத்தில் கறை இருந்தது. காது ஓரத்தில் கருப்பட்டித் துணுக்கு போல ஒன்று எட்டிப்பார்த்தது. அதை ஈரத்துணியால் வெளியே துடைத்ததோடு சரி. உள்ளே எதையும் விடவில்லை.

நம் அடுப்படி எண்ணெய்களை விடலாமா என்பது அடுத்த கேள்வி. மக்வே பக்கம் விளைகிற எள்ளும் கடலையும் ஆட்டிய எண்ணெய் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. கடலை எண்ணெயை நான் காதுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதாம் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். நல்லெண்ணெய் குறும்பியை இளக்கும்தான், ஆனால் கடையில் சில்லறையாக வாங்கியதில் எது கலந்திருக்கிறது என்று யார் கண்டது? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதக் காலையில் யாங்கோனில் போத்தலே கட்டியாக இருக்கும். உருக்கித்தான் விட வேண்டும், உருக்கும்போதுதான் சூடு தவறுகிறது. அதனால் மருந்துக்கடை ஆலிவ் எண்ணெய்க்குத்தான் என் ஓட்டு. சின்னச் சீசா வாங்கினாலே பல தடவைக்கு வரும்.

எதை விட்டாலும் அடுப்பில் வைக்காதீர்கள். சீசாவை உள்ளங்கைக்குள் சில நிமிடம் பொத்திப் பிடித்தால் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்; சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. காதில் பஞ்சு வைத்து அடைக்கவும் வேண்டாம், விட்ட எண்ணெயைப் பஞ்சுதான் குடிக்கும்.

மழைக்காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை இங்கே துணியே காயாது, காது எங்கே காயும்? அந்த ஈரத்தில் காதுக்குள் பூஞ்சை வரும். கடுமையான அரிப்பு, நனைந்த காகிதம் போல வெள்ளையாகவோ கறுப்புப் புள்ளிகளோடோ கசடு வந்தால் அது குறும்பி இல்லை. அதன் மேல் எண்ணெய் விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோடாத் தண்ணீரும் பெராக்சைடும்

ஆப்பசோடா கரைத்த தண்ணீர் எண்ணெயைப் போல வழுக்கிவிடுவதில்லை. குறும்பியில் சேர்ந்திருக்கிற இறந்த தோல் செல்களுக்குள் தண்ணீரை ஏற்றி அதை உடைத்துவிடுகிறது. சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்தால் எண்ணெயைவிட இதில்தான் குறும்பி சீக்கிரம் சிதறும். மருந்துக்கடைச் சொட்டு மருந்தில் இதன் அளவு 5%. வீட்டில் செய்தால் கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லிக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் சோடா. அன்றைக்குக் கரைத்தது அன்றைக்கு மட்டும். சமையல் சோடாவாக இருக்கட்டும், பேக்கிங் பவுடர் வேண்டாம். நீண்ட நாள் விட்டால் தோல் வறண்டு அரிக்கும். தோல் ஏற்கெனவே வறண்டு உரிகிறவர்கள் எண்ணெயோடு நிற்பது நல்லது.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்கிறது, சத்தம் போடுகிறது, அதனால் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை சீக்கிரம் வந்துவிடுகிறது. 3% திரவத்தைச் சம அளவு தண்ணீர் கலந்து விடுகிறவர்கள் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ எரியும். அழகு நிலையங்களில் முடிக்குப் போடுகிற பெராக்சைடு இதைவிடக் கடுமையாக இருக்கும். அதைக் காதுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மற்ற இரண்டும் கைவசம் இருக்கும்போது இதை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, எதுதான் ஜெயிக்கும்? சொட்டு மருந்துகள் மீது நடந்த 10 ஆய்வுகளைச் சேர்த்து 2018-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு அலசியது. மொத்தம் 623 பேர். ஒரு சொட்டு மருந்து இன்னொன்றைவிடச் சிறந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெறும் தண்ணீரையோ உப்புத் தண்ணீரையோவிட மருந்து மேல் என்பதற்கும் கிடைக்கவில்லை. ஆனால் எதுவுமே செய்யாமல் இருப்பதைவிடச் சொட்டு விடுவது மேல்: 5 நாளில் முழுவதும் சுத்தமான காதுகள் விட்டவர்களில் சுமார் 22%, விடாதவர்களில் 5%. அதாவது வீட்டில் தகராறு வேண்டியதில்லை. ஒத்துக்கொள்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு சொன்ன நாள் வரைக்கும் விட்டாலே பாதி வேலை முடிந்தது. 22% என்பது பெரிய எண்ணிக்கை இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். சொட்டு மட்டும் எல்லாருக்கும் போதாது. இளகிய பிறகு பலருக்குத் தண்ணீர் பீச்ச வேண்டியிருக்கும்.

தண்ணீர் பீச்சுதல்

மருந்துக்கடையில் விற்கிற ரப்பர் பல்பால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லப் பீச்சுவது. சில நாள் ஊறவைத்த பிறகு செய்தால்தான் பலன். தண்ணீர் உடம்புச் சூட்டில், சுமார் 37 டிகிரியில் இருக்க வேண்டும். இது சௌகரியத்துக்காகச் சொல்கிற அளவு இல்லை. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் காது கழுவும்போது நோயாளிகள் தலைசுற்றுகிறது என்று சொல்வதைக் கவனித்தார். குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு பக்கமாகவும் சூடான தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாகவும் கண்கள் துடித்தன. உட்காதிலுள்ள திரவம் சூட்டுக்கும் குளிருக்கும் அசைவதே காரணம் என்று விளக்கினார். சமநிலை உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கரண்ட் போன நேரத்தில் குடத்துத் தண்ணீரை அப்படியே எடுத்துப் பீச்சினால் நமக்கும் அதே தலைசுற்றல்தான்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். குடிக்க வாங்குகிற 20 லிட்டர் கேன் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு, பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, செவிக்குழலின் மேற்சுவரை நோக்கி மெல்லப் பீச்ச வேண்டும். நேராகச் செவிப்பறைக்கு அடிக்கக் கூடாது. குழலை முழுக்க அடைத்துக்கொண்டும் பீச்சக் கூடாது. தண்ணீர் திரும்பி வர வழி வேண்டும். வலித்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். முடிந்ததும் தலையைச் சாய்த்து வடியவிட்டு, வெளியே துணியால் ஒற்றினால் போதும்.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குச் செவிக்குழலில் சின்னக் காயம் பட்டு ஈரமும் சேர்ந்தால், கிருமி எலும்பு வரை இறங்கிவிடலாம். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத பெரியவரைத் தேட வேண்டியிருக்கிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தொடக் கூடாதவை

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால்: குறும்பிக்கு இவை எதுவும் செய்வதில்லை. காய்ச்சிய எண்ணெய் சுடும், சாறு எரிக்கும், பால் உள்ளேயே கெட்டுப்போகும். காதில் மெழுகுத் திரிக்குழல் வைத்துக் கொளுத்துவது உறிஞ்சி எடுக்கும் என்பது பொய். எரிந்த பிறகு அதில் தெரிவது அந்தக் குழலின் மெழுகுதான். தீக்காய ஆபத்து உண்டென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லேயே எச்சரித்திருக்கிறது.

வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய இடம்

செவிப்பறையில் ஓட்டை உண்டு என்று முன்பே சொல்லியிருந்தாலோ, காதில் அறுவை நடந்திருந்தாலோ, சீழ், ரத்தம், காய்ச்சல், வலி இருந்தாலோ மேலே சொன்ன எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் விடாதீர்கள். காது கேட்கும் கருவி போடுகிற பெரியவர்களுக்குக் குறும்பி வெளியேற வழி அடைபடுவதால் அவ்வப்போது மருத்துவரிடம் காட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே நுண்ணோக்கியில் பார்த்தபடியே உறிஞ்சி எடுப்பார்கள்.

இன்னொரு நிலைமை எல்லாவற்றையும்விட அவசரமானது. தண்ணீர் படவில்லை, ஒன்றும் இல்லை, காலையில் எழுந்தால் ஒரு காது கேட்கவில்லை. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குறும்பி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உட்காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கான மாத்திரையை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். முனகிப் பார்ப்பது வீட்டுச் சோதனைதான், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும், திடீரென்று கேட்காமல் போன காதில் எண்ணெய் விட்டு வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.