ஒரே நாளில் இரண்டு தவணை! வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் எம்.எம்.ஆர். ஊசியில் ஏமாற வேண்டாம்

எம்.எம்.ஆர். என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) மூன்றையும் தடுக்கும் ஊசி. இரண்டு தவணை, நடுவில் குறைந்தது 28 நாள் விட்டுப் போட வேண்டும். சென்னையில் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணின் தடுப்பூசி அட்டையில் எம்.எம்.ஆர். 1, எம்.எம்.ஆர். 2 என்று இரண்டு வரிகள் இருந்தன. நடுவில் அளந்து வைத்தாற்போல் 28 நாள் இடைவெளி. இரண்டுக்கும் ஒரே பேனா, ஒரே ரப்பர் ஸ்டாம்ப், பேட்ச் எண் கிடையாது. நடந்தது வேறு. ஒரே நாளில் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று குத்தி, "கோர்ஸ் முடிஞ்சுதுக்கா, இனிமே கவலை இல்ல" என்று தரகர் அனுப்பிவிட்டார். பணம் வாங்கினார், ரசீது தரவில்லை.

வளைகுடா நாடுகளுக்கான மருத்துவ அறிக்கையில் எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்கும் தேதி எழுத இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்புவதுதான் இங்கே வியாபாரமாகிவிட்டது. போய் இறங்கியதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை போன்றவற்றைத்தான் பார்க்கும். தட்டம்மை எதிர்ப்புச் சக்தியைப் பார்ப்பதில்லை. அதனால் பொய்த் தேதி பிடிபடுவதே இல்லை, வேலை பார்க்கும் வீட்டில் யாருக்காவது தட்டம்மை வரும்வரை.

28 நாள் ஏன்? எம்.எம்.ஆரில் இருப்பது வலு குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. அது உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகும். முதல் தவணையில் தட்டம்மைக்கு எதிராக சுமார் 93 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கும், இரண்டாவதோடு 97. ஒரே நாளில் இரண்டு கையில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். அப்படிப் போட்டுக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம், 28 நாள் கழித்து இன்னொன்று போட்டால் சரியாகிவிடும். கூடுதலாக ஒரு ஊசி போவதால் கெடுதல் இல்லை.

இதைவிடப் பெரிய மோசடி ஊசியையே மாற்றுவது. டெட்டனஸுக்குப் போடும் டி.டி. (TT அல்லது Td) ஊசியைப் போட்டுவிட்டு எம்.எம்.ஆர். என்று எழுதுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட இதைக் கண்டுபிடிக்கலாம். டி.டி. மருந்து புட்டியிலேயே வெள்ளையாகக் கலங்கிய திரவமாக இருக்கும். குலுக்கி அப்படியே ஏற்றுவார்கள். எம்.எம்.ஆர். புட்டியில் இருப்பது உலர்ந்த பொடிக்கட்டி. கூடவே வரும் நீரை அதில் விட்டுக் கரைத்து, 0.5 மி.லி. எடுத்து, மேல்கையில் பெரும்பாலும் தோலுக்கு அடியில் போடுவார்கள். உங்கள் கண்முன் பொடியைக் கரைக்கவில்லை என்றால் கையை நீட்டாதீர்கள். "உள்ளே கலக்கிட்டு வந்துட்டோம்" என்றால் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

கரைக்கும் நீரும் அதே கம்பெனி அந்த மருந்தோடு கொடுத்ததாக இருக்க வேண்டும். மேஜையில் கிடக்கும் சலைன் ஆகாது. மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில், வெளிச்சம் படாமல் இருந்திருக்க வேண்டும். தரகரின் கைப்பையிலோ சட்டைப்பையிலோ பஸ்ஸில் வந்த புட்டி வீண். ஒரு தவணைப் புட்டியைக் கரைத்தால் உடனே போட வேண்டும்; பல தவணைப் புட்டி என்றால் 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. காலையில் கரைத்ததை ஒரு கும்பலுக்கு மாலைவரை போடுவதை ஏற்காதீர்கள்.

எங்களுக்கு மிகவும் கோபம் வருவது ஒரு விஷயத்தில். ஊசிக்கு முன் "மாதவிலக்கு எப்போது வந்தது?" என்று யாரும் கேட்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு எம்.எம்.ஆர். போடக் கூடாது, போட்ட பின் குறைந்தது ஒரு மாதம் கருத்தரிக்கவும் கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் சாப்பிடுபவர், நியோமைசின் மருந்துக்குக் கடும் அலர்ஜி உள்ளவர், இவர்களுக்கும் ஆகாது. பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போடலாம். காசநோய்க்கான மாண்டூ சோதனை இருந்தால் அதே நாளில் செய்யுங்கள், இல்லையென்றால் 4 வாரம் தள்ளிச் செய்யுங்கள். இடையில் செய்தால் முடிவு பொய்யாக வரலாம்.

சின்ன வயதில் போட்டதே போதும் என்று நினைக்காதீர்கள். 2017-இல் தமிழ்நாட்டில் நடந்த தட்டம்மை-ரூபெல்லா முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. இன்று முப்பதைத் தாண்டியவர்கள் அதில் வரவில்லை. அரசு அட்டவணையில் இருப்பதும் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசிதான், பொன்னுக்கு வீங்கிக்கான பாகம் அதில் இல்லை. எனவே தனியார் கிளினிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். மருந்துக்கு அதற்கு மேல் வாங்கக் கூடாது, ஊசி போடும் கட்டணத்தைத் தனியாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அட்டை தொலைந்துவிட்டதா? எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தே தீர வேண்டும் என்பார்கள். தேவையில்லை, இரண்டு தவணை போட்டுக்கொண்டால் போதும்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், அரசு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஊசிக்கென்று கையில் பணம் கேட்கும் தனித் தரகர் வந்தாலே சந்தேகப்படுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஊசி போட்ட 7 முதல் 12 நாளுக்குள் காய்ச்சல், லேசான சிவப்புத் தடிப்பு வரலாம். வளர்ந்த பெண்களுக்கு ரூபெல்லா பாகத்தால் மூட்டுவலியும் வருவதுண்டு. அந்த நாட்களில் விமானம் ஏறிப் போய் இறங்கினால், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முதலாளியம்மா பயந்து திருப்பி அனுப்பிவிடக்கூடும். இரண்டாம் தவணைக்கும் பயணத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். புட்டி லேபிளில் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்படி போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அங்கே போனதும் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு.