பன்னித் தீவனத்துல லைசின் கலந்து நாலு வருஷம், என் அனுபவம்

குடியாத்தம் பக்கம் கயனியிலயே கொட்டாய் போட்டு வெண்பன்னி வளக்கறோம். தாய்ப்பன்னி ஆறு, குட்டிங்க எப்பவும் 40, 50 இருக்கும். 2020 கடைசில ஆரம்பிச்சி நாலு வருஷமா லைசின் பவுடர் (புரோட்டீன்ல இருக்கற அமினோ அமிலத்துல ஒண்ணு, சதை வளர்றதுக்கு வேணும்) கலந்துனு இருந்தேன், இன்னும் நிறுத்தல. அந்த பவுடர போட்டா நெஜமாவே எடை ஏறுதான்னு கேக்கறவங்களுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்ல முடியல, அதான் நீட்டா எழுதறேன்.

எங்க நைனா காலத்துல இருந்தே மல்லாட்டை (வேர்க்கடலை) புண்ணாக்கு தான். நம்ம வடாற்காடு மல்லாட்டை பூமி, எண்ணெய் மில்லு பக்கத்துலயே இருக்கு, வேற என்னாத்துக்கு தேடணும்? 100 கிலோ கலவைல மக்காச்சோளம் 40, எண்ணெய் எடுத்த தவிடு 30, புண்ணாக்கு 27, மிச்சம் தாது உப்பும் சாதா உப்பும். புரோட்டீன் கணக்கு போட்டா 20 பர்சன்ட் வந்துடும், தாராளம். ஆனா 90 கிலோ வர்றதுக்கு எட்டு மாசம் இழுக்கும், கொட்டாய்க்குள்ள போனா மூத்திர நெடி கண்ண எரிக்கும். நாங்க குட்டி ஜாதி சரியில்லன்னு நெனச்சினு இருந்தோம்.

அப்பால ஒரு கால்நடை டாக்டர் தான் பேப்பர்ல போட்டு காட்டினாரு. சோயா புண்ணாக்குலயும் மல்லாட்டை புண்ணாக்குலயும் புரோட்டீன் ஏறக்குறைய ஒண்ணு தான், 45 பர்சன்ட் பக்கம். ஆனா லைசின் சோயால 2.8 பர்சன்ட், மல்லாட்டைல 1.5 தான். மக்காச்சோளத்துல வெறும் 0.25. எங்க கலவைல மொத்தமா கூட்டுனா 0.7 கூட வரல, 25ல இருந்து 50 கிலோ வரைக்கும் இருக்கற குட்டிக்கு 1.1 கிட்ட வேணும். நம்ம ஊர்ல தறி ஓட்டறவங்களுக்கு சட்டுனு புரியும், ஊடை நூலு மூட்டை மூட்டையா கெடந்தாலும் பாவு தீந்துட்டா தறி நின்னுடும்ல, அதே கதை தான். லைசின் தீந்த எடத்துல சதை வளர்றது நிக்குது, மிச்சம் இருக்கற புரோட்டீன ஈரல் யூரியாவாக்கி மூத்திரத்துல தள்ளுது. அந்த கண்ணெரிச்சல் நெடி இருக்கே, அது நான் காசு குடுத்து வாங்கின புண்ணாக்கு.

மொத ஆறு மாசம் பெருசா ஒண்ணும் நடக்கல, தப்பு என் மேல தான். சோயா வாங்காம பழைய கலவைலயே லைசின மட்டும் போட்டேன், அதுவும் குமிச்சி வச்ச தீவனத்து மேல தூவி மம்முட்டியால ரெண்டு புரட்டு. 100 கிலோவுக்கு 300 கிராம் பொருளு, அப்படி புரட்டுனா ஒரு தொட்டிக்கு மொத்தமா போகும், இன்னொண்ணுக்கு ஒண்ணுமே போகாது. இப்ப மொதல்ல ரெண்டு கிலோ மக்காச்சோள மாவுல கலந்து, அத பத்து கிலோவுல கலந்து, அப்பறம் தான் மொத்தத்துலயும் சேக்கறேன். இன்னொண்ணு, லைசின் சரியானதும் அடுத்து த்ரியோனின் பத்தாம இடிக்கும், அப்பறம் மெத்தியோனின், இதுங்களும் லைசின் மாதிரி அமினோ அமிலம் தான். லைசின் 100ன்னு வச்சா த்ரியோனின் 65 பக்கம், மெத்தியோனினும் சிஸ்டினும் சேத்து 60 பக்கம் இருக்கணும். ஒண்ண மட்டும் ஏத்திட்டு மத்தத விட்டா காசு தான் வேஸ்ட்.

இப்ப நடுத்தர குட்டிக்கு 100 கிலோ கலவைல போடறது: மக்காச்சோளம் 58, தவிடு 20, சோயா 19, லைசின் 300 கிராம், த்ரியோனின் 100, மெத்தியோனின் 50, மிச்சம் தாது உப்பு, சாதா உப்பு. புரோட்டீன் 17 கிட்ட தான் வருது, முன்ன விட கம்மி, ஆனா 90 கிலோவுக்கு ஆறரை மாசம் தான் ஆவுது. மொத்தமும் பவுடரால தான்னு அடிச்சி சொல்ல மாட்டேன், அதே வருஷம் பன்னி வாய் வச்சா தண்ணி வர்ற நிப்பிள் குழாய் போட்டோம், பூச்சி மருந்தும் ஒழுங்கா குடுத்தோம். ஆனா நெடி கொறஞ்சது மட்டும் இதனால தான், பக்கத்து கயனிக்காரர் கூட சண்டை போடறத நிறுத்திட்டாரு.

2021ல சோயா கிலோ 90 ரூபா தாண்டுச்சி, ஞாபகம் இருக்கும். சோயா இல்லாம ஓட்ட முடியாதுன்னு நிறைய பேரு ஓட்டல் கழிவுக்கு போய்ட்டாங்க. நான் பாதி சோயாவ எடுத்துட்டு மல்லாட்டை போட்டு, லைசினும் த்ரியோனினும் கொஞ்சம் ஏத்திகினேன், சமாளிச்சது. ஆனா மழை மாசத்துல மல்லாட்டை புண்ணாக்கு பூஞ்சை புடிச்சிதுன்னா கிட்ட சேக்காதீங்க, அந்த பூஞ்சை விஷத்துக்கு இந்த லைசின் பவுடரு மருந்து கெடையாது.

வேலூர் வெயில் தனி பிரச்சனை. கத்திரில பன்னி பாதி தீவனம் தான் திங்குது, அப்ப அதே 300 கிராம் பத்தாது, கொஞ்சம் கூட்டணும். புரோட்டீன் கம்மியா இருந்தா செரிக்கறப்ப ஒடம்புல சூடும் கம்மியா வரும், அதனால மூச்சு வாங்கறதும் கொஞ்சம் தேவல. அதுக்குன்னு மதியத்துல பன்னி மேல தண்ணி அடிக்காம விட்ராதீங்க.

என் கொறை ரெண்டு. 75 கிலோ தாண்டினதுக்கு இவ்ளோ லைசின் தேவையே இல்ல, தனியா கலக்கணும், ரெண்டு வருஷம் சோம்பேறித்தனத்துல எல்லாத்துக்கும் ஒரே தீவனம் போட்டு காச விட்டேன். ரெண்டாவது, சில்லறைல வாங்கறது. ஒரு கடைல பிரிச்ச மூட்டைல இருந்து அளந்து குடுத்தான், ஈரம் ஏறி கட்டி கட்டியா, பாதி மாவு கலந்த மாதிரி ஒரு நெறம். இப்ப 25 கிலோ சீல் மூட்டையா நாலு பண்ணைக்காரங்க சேந்து வாங்கி பிரிச்சிக்கறோம், என் பங்கு பழைய பெயிண்ட் டப்பால மூடி போட்டு பரண் மேல இருக்கு, நைனா சமையல் சோடான்னு நெனச்சி ஒருதடவ பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் குடுத்துட்டாரு, நல்லவேளை அவங்க சந்தேகப்பட்டு எடுத்துனு வந்துட்டாங்க, இப்ப டப்பா மேல பன்னி படம் வரஞ்சி வச்சிருக்கேன்.