தையல் மிஷின் மேல் ஒரு கைப்பேசி: ஐந்து வருஷத்தில் தங்கிய செயலிகளும் போன செயலிகளும்

2020 மார்ச் 18, மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மகனுக்கு நாலு வயது. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி, அதுவும் என் தையல் தொழிலுக்கானது. ஜாக்கெட் அளவும் கணிதப் பயிற்சியும் ஒரே புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்து விழும். ஒருநாள் மகளின் வாய்பாட்டுத் தாளுக்குப் பதிலாக யாரோ ஒருவரின் கைச்சுற்றளவு எழுதிய தாளைப் படம் எடுத்து ஆசிரியைக்கு அனுப்பிவிட்டேன். "அக்கா, இது எந்தப் பக்கத்துக் கணக்கு?" என்று கேட்டிருந்தார்.

இப்போது மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு, மகன் மூன்றாம் ஆண்டு. இதற்குள் எத்தனையோ செயலிகளை ஏற்றி இறக்கியாகிவிட்டது. புதிதாகப் பிள்ளைகளை ஒன்றாம் ஆண்டுக்கு அனுப்பும் தங்கச்சிமார் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். நான் ஆசிரியை இல்லை, எஸ்பிஎம் (படிவம் ஐந்து முடிவில் எழுதும் தேர்வு) வரை படித்தவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். டவுனில் இணையம் பரவாயில்லை. டவுனைத் தாண்டி எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தால் சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). வீட்டுக்குள் ஒரு கோடு, கோயில் திடலில் ரெண்டு கோடு லைன் கிடைக்கும். மழை வந்தால் அதுவும் சந்தேகம். அதனால் எந்தச் செயலியைப் பற்றி யார் சொன்னாலும் என் முதல் கேள்வி ஒன்றே: இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்னதுதான் ஸ்டோரிவீவர். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவசக் கதைத்தளம். தமிழிலும் நிறையக் கதைகள் உண்டு, நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு சின்ன வாக்கியம், பெரிய படம். டவுனுக்குப் பசியாறப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுக் கதைகளை இறக்கிக்கொண்டு வருவேன், வாரம் முழுக்கப் போதும். மகனுக்குப் பிடித்தவற்றைப் போட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்து, நடுவில் மிஷினிலேயே ஒரு தையல் போட்டுப் புத்தகமாக்கிக் கொடுத்தேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்தப் புத்தகங்களில்தான். திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவன், தாளில் நின்று படித்தான்.

ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கதைகளின் தமிழ் தமிழ்நாட்டுத் தமிழ். ஒரு பிள்ளை ஆட்டோவில் பள்ளிக்குப் போகிறது என்று வந்ததும் இவன், "அப்போ மேனுவல் காடியில யாரு போறா?" என்று கேட்டான். இங்கே ஆட்டோ என்றால் கியர் போடத் தேவையில்லாத காடிதானே (காரைத்தான் இங்கே காடி என்போம்)! மூன்று சக்கர வண்டியின் படத்தைத் தேடிக் காட்டினேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இல்லாமல் பிள்ளையிடம் கொடுத்தால் பாதி விளங்காமலே போகும்.

கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா 2020 ஜூனில் வந்தது. பிள்ளைக்கு ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள். அந்தக் கடவுச்சொல்லை ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்து, அந்தப் புத்தகத்தையே பழைய பேப்பரோடு போட்ட புத்திசாலி நான். ஆசிரியை மாற்றித் தந்தார். இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி பாடநூல்களின் மின்பதிப்பு. பள்ளியில் இரவல் தரும் பாடநூலை ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகள் நாலாம் ஆண்டில் பின்னத்தில் தடுமாறியபோது மூன்றாம் ஆண்டு நூல் கையில் இல்லை. டெலிமாவில் திறந்து, விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தோம். இதற்காக மட்டுமே அந்தக் கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் புலனத்தில் அனுப்பும் குவிசிஸ் புதிர்கள் (2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) பத்துப் பதினைந்து கேள்வியில் முடிந்துவிடும். முடிவதுதான் அதன் நல்ல குணம். சோறு வேகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

காணொளிப் பாடங்கள் உள்ள கான் அகாடமி மகளுக்காக. சல்மான் கான் (நடிகர் இல்லை, அமெரிக்காவில் இருப்பவர்) 2004இல் வேறோர் ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஆரம்பித்தது, 2008இல் நிறுவனமாயிற்று. முழுக்க இலவசம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டுவதுபோல் இருக்கும், முகம் வராது, கரும்பலகை மட்டும்தான். மகள் நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் ஆங்கில விளக்கம்.

எங்கள் வீட்டில் உண்மையான தலைவலி இங்கேதான் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் கணிதமும் அறிவியலும் தமிழில் படிக்கிறாள். படிவம் ஒன்றுக்குப் போனதும் அதே கணிதம் மலாயில். வீட்டில் பார்க்கும் காணொளி ஆங்கிலத்தில். கணக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்று தெரியாது. முதல் மாதச் சோதனையில் எளிதான ஒரு கேள்வியை வெறுமையாக விட்டு வந்திருந்தாள். கேட்டால், "லுவாஸ்னா பரப்பளவும்மா, எனக்கு அப்போ சுத்தளவுன்னு தோணுச்சு, பயந்து விட்டுட்டேன்" என்றாள்.

அன்று ராத்திரி துணி வெட்டும் பெரிய அட்டையில் மூன்று பத்தி கிழித்தோம். தொகுதி, பெங்ஙாங்கா, நியூமரேட்டர். பகுதி, பெஞெபுட், டினாமினேட்டர். பரப்பளவு, லுவாஸ், ஏரியா. தமிழ்ச் சொல்லுக்கு டெலிமாவில் பழைய தமிழ்ப்பள்ளி நூல், மலாய்ச் சொல்லுக்குப் படிவம் ஒன்று நூல், ஆங்கிலத்துக்குக் கான் அகாடமி. அந்த அட்டை இன்னும் மிஷினுக்கு மேலே சுவரில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய எந்தச் செயலியும் செய்யாத வேலையை அது செய்தது. இந்த மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கென்றே யாராவது ஒரு செயலி செய்தால் முதல் ஆளாகக் காசு கட்டுவேன்.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏழு நாள் இலவசம் என்ற ஒரு கணிதச் செயலியை இறக்கினேன். எட்டாம் நாள் என் கணவரின் வங்கி அட்டையிலிருந்து 199 வெள்ளி (ரிங்கிட்) போனது. அவர் செம்பனை லாரி ஓட்டுபவர். 199 வெள்ளிக்கு எத்தனை நடை என்று அவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். இலவசம் என்று அட்டை எண் கேட்டால் அன்றைக்கே நாட்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள்.

தமிழ் தட்டெழுத செல்லினம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005 முதல் இருக்கிறது. முதலில் மகன் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைத்தான். வேகமாக எழுதினான், ஆனால் தாளில் "ழ" போடச் சொன்னால் விழித்தான். தமிழ் எழுத்துகளையே தட்டும் தமிழ்99 விசைமுகத்துக்கு மாற்றினேன். ரெண்டு வாரம் முனகினான், பிறகு பழகிவிட்டது.

மகள் வகுப்பில் இப்போது செயற்கை நுண்ணறிவு மோகம். "என் தாத்தா" என்று கட்டுரை கேட்டிருக்கிறாள். வந்த கட்டுரையில் தாத்தா விடியற்காலையில் ஏர் பிடித்து வயலுக்குப் போகிறார், காளைகளுக்குப் பெயர் வைத்து அழைக்கிறார். எங்கள் அப்பா நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அதை அவருக்கே வாசித்துக் காட்டினாள். "நல்லாதான் எழுதியிருக்கு. யாரு தாத்தாவாம்?" என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். விடிவதற்குள் நெற்றி விளக்கோடு போனது, மழை நாளில் கோப்பையில் தண்ணீர் கலந்து பால் வீணானது, இதெல்லாம் அவளுக்கு அன்றுதான் தெரியும்.

கடைசியாக ஒரு மொழிச் செயலி. மகனின் மலாய் தேறட்டும் என்று இறக்கினேன். அதில் மலாய் இல்லை, இந்தோனேசிய மொழிதான் இருந்தது. ரெண்டும் ஒன்றுதானே என்று நினைத்தது என் தப்பு. மூன்று மாதம் ஒருநாள் விடாமல் விளையாடினான். பள்ளிப் பயிற்சியில் "சாயா நாயிக் செப்பெடா கெ செக்கோலா" என்று எழுதி, ஆசிரியர் "செப்பெடா"வைச் சிவப்பில் வட்டமிட்டு "பாசிக்கால்" என்று திருத்தி அனுப்பியிருந்தார். சைக்கிளுக்கு இந்தோனேசிய மொழியில் செப்பெடா, மலாயில் பாசிக்கால். செயலியை எடுத்துவிட்டேன்.

அழுதான். ஆனால் கற்றது போகவில்லை. சாயங்காலம் குலை வெட்டிவிட்டுத் திரும்பும் இந்தோனேசிய அபாங்மாரிடம் (அண்ணன்மாரிடம்) வேலியோரம் நின்று பேசுகிறான். அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறார்கள். போன வாரம் பார்த்தால் சுவரில் இருக்கும் அட்டையின் ஓரத்தில் வண்ணப் பென்சிலால் இந்தோனேசிய மொழிக்கு நாலாவது பத்தி ஒன்று கிழித்திருக்கிறான். காடி, கெரெத்தா, கார். அதற்குப் பக்கத்தில் பச்சையில்: மொபில்.