ஹார்ட் டிஸ்க் சாகவில்லை, அடாப்டர்தான் போயிருந்தது

ராமநாதபுரத்தில் ஹார்ட் டிஸ்க்கை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாலாயிரம் ரூபாயும் ஒன்றரை மாதத் தூக்கமும் போன பிறகு எழுதுகிறேன்.

நான் பாம்பனில் கல்யாண வீடியோ எடுப்பவன். என்னிடம் சீகேட் கோஃப்ளெக்ஸ் என்ற பழைய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. 2010-ல் வந்த மாடல். டிஸ்க் தனி, வயர் மாட்டும் அடாப்டர் தனி. யூஎஸ்பி 2.0, 3.0, ஃபயர்வயர், இசாட்டா என்ற இணைப்பு வகைகளில் எது வேண்டுமோ அந்த அடாப்டரை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். அதில்தான் பழைய பாம்பன் பாலம் இருந்தது. கப்பல் வரும்போது ஊழியர்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் சுற்றித் தூக்குப் பாலத்தைத் திறப்பார்களே, அதைப் பல வருடமாகப் படம் பிடித்து வைத்திருந்தேன். 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. இனி யாரும் அதை எடுக்க முடியாது. வேறு பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு.

கச்சான் காற்று ஓங்கி அடித்த ஒரு வாரத்தில் டிஸ்க்கை மாட்டினால் விளக்கே எரியவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாங்கி கம்ப்யூட்டரில் செருகினார், அரை நிமிடம் பார்த்தார்.

"ஹெட் போயிருச்சுண்ணே. மதுரைக்கு அனுப்பித்தான் டேட்டா எடுக்கணும். பன்னிரண்டாயிரம் ஆகும்."

ஹெட் என்றால் டிஸ்க்குக்குள் டேட்டாவைப் படிக்கும் பாகம். அட்வான்ஸ் நாலாயிரம் கொடுத்தேன். அப்புறம் போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தால் "இன்னும் வரலண்ணே". ஆறாவது வாரம் சொல்லாமல் போய் நின்றேன். டிஸ்க் அவர் மேசை டிராயரிலேயே கிடந்தது. உப்புக்காற்றுக்குப் பயந்து அடாப்டர் சேரும் இடத்தைச் சுற்றி நான் செல்லோடேப் ஒட்டியிருந்தேன். அதன் மேல் என் மகள் பேனாவால் எழுதிய நம்பர்கூட அழியவில்லை, டேப் பிரியவும் இல்லை. அடாப்டரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல்தான் அந்த மனிதர் ஹெட் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். பணத்தைக் கேட்டேன். செக் பண்ணியதற்குச் சரியாகப் போய்விட்டதாம்.

பரமக்குடியில் மச்சான் மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். "மாமா, இதுக்குள்ள இருக்கிறது சாதாரண சாட்டா டிஸ்க்தான்" என்று சொல்லிக்கொண்டே டேப்பைப் பிரித்து அடாப்டரை இழுத்தான். சாட்டா என்றால் கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை மாட்டும் வழக்கமான இணைப்பு. அடாப்டரின் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. டிஸ்க் பக்கத்துத் தகடுகள் பளிச்சென்று இருந்தன. தன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சாட்டா வயரையும் பவர் வயரையும் நேராக டிஸ்க்கில் செருகி ஆன் செய்தான். மெல்ல 'உய்ங்' என்று சுற்றும் சத்தம். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாலம் முழுசாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் சொல்கிறேன். அடாப்டர் கழற்றும் வகை டிஸ்க் என்றால், விளக்கும் எரியாமல் சத்தமும் வராமல் இருந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். உங்கள் கண் முன்னால் கழற்றி, நேராக சாட்டாவில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மாறாக 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வந்தால் பிரச்சினை டிஸ்க்கில் இருக்கலாம். அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். இப்போது வரும் சின்ன டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. அவற்றில் இந்த வழி நடக்காது.

புது அடாப்டர் வாங்கும்போதும் கவனம். நீலப் பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்று விற்றுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் செருகும் முனைக்குள் உற்றுப் பாருங்கள். முன்னால் நாலு தகடு, அதற்குப் பின்னால் சின்னதாக இன்னும் ஐந்து, மொத்தம் ஒன்பது இருக்க வேண்டும். நாலுதான் இருக்கிறது என்றால் அது பழைய 2.0. அறுபது ஜிபி கல்யாண வீடியோவை ஏற்ற அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

கொடுக்கும்போது டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் கொடுத்த தொகையையும் எழுதி ரசீது வாங்குங்கள். என்னிடம் இருப்பது 'சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டேன். நாலாயிரம் இன்னும் வரவில்லை.