பவர் டேபிள் மெஷின் பெல்ட்: ஆறு வருடம் ஓட்டியதில் தெரிந்துகொண்டது

வீட்டு முன்னறையில் ஒற்றை ஊசி பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு ஆறு வருடம் ஆகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அரை எச்.பி. கிளட்ச் மோட்டார், தினமும் ஏழெட்டு மணி நேரம் ஓடும், பெரும்பாலும் நைட்டியும் ஸ்கூல் யூனிஃபார்மும். மெஷின் தலை, அதாவது டேபிளுக்கு மேலே தைக்கிற பகுதி, இத்தனை நாளில் பெரிய செலவு வைக்கவில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது, கீழே மோட்டாரின் சுழற்சியை மேலே மெஷினுக்குக் கொண்டுபோகும் பெல்ட்தான்.

முதல் வருடம் மட்டும் மூன்று பெல்ட் மாற்றினேன். ஓரம் நூல் நூலாகப் பிரியும், டேபிளில் பெல்ட் இறங்கும் துளையைச் சுற்றிக் கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும். மட்டமான பெல்ட் என்று கடையில் சொன்னார்கள், சரி என்று விலை கூடியதைப் போட்டேன், அதுவும் அதே பக்கம் தேய்ந்தது. எப்போதும் ஒரே பக்கம்தான் தேய்கிறது என்பது அப்போதுதான் மனதில் பட்டது.

கரண்ட்டை நிறுத்திவிட்டு டேபிளுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மோட்டார் புல்லியும் (மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம்) மேலே மெஷினின் ஹேண்ட் வீலும் நேராகத்தான் இருந்தன. மகளைப் பெடலை மிதிக்கச் சொன்னதும் புல்லி இடது பக்கம் லேசாக நகர்ந்தது. கிளட்ச் மோட்டாரின் அமைப்பே அப்படித்தான், மிதித்தால் கிளட்ச் தட்டு போய் ஒட்டவேண்டும், அதற்காகத் தண்டு நகரும்போது புல்லியும் கூடவே போகும். அதாவது, தைக்கிற நேரம் முழுக்க பெல்ட் கோணலாகவே ஓடியிருக்கிறது! மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, பெடல் மிதித்த நிலையில் இரண்டும் நேராக வரும்படி நகர்த்தி முடுக்கினேன். அடுத்துப் போட்ட பெல்ட் இரண்டரை வருடம் உழைத்தது.

இன்னொரு தடவை, தடிமனான மடிப்பு வந்தால் மோட்டார் சுற்றும், ஹேண்ட் வீல் நிற்கும், ரப்பர் கருகும் வாடை வரும். பெல்ட் லூஸ் என்று நினைத்து இறுக்கினேன், அப்புறம் மோட்டார் சூடானதுதான் மிச்சம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீலைக் கையால் சுற்றியபோதுதான் தெரிந்தது, மெஷினே இறுகிப்போயிருந்தது. ஊசிக்கு அடியில் நூலைப் பிடிக்கும் ஹூக்கில் நூல் சிக்கியிருந்தது. அதை எடுத்து எண்ணெய் விட்டதும் வீல் விரலால் தள்ளினாலே சுற்றியது. பெல்ட் வழுக்கினால் முதலில் இதைச் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இறுக்கம் எவ்வளவு என்றால், பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உள்ளே போகவேண்டும். புது பெல்ட் முதல் வாரத்திலேயே கொஞ்சம் நீளும், அப்போது ஒருமுறை சரி செய்தால் போதும். பெல்ட் வழுக்காமல் இருக்க சாக்பீஸ் தேய்க்கச் சொல்வார்கள், நானும் தேய்த்தேன், ஒரு நாள்தான் தாங்கியது. பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிவிட்டாலோ, பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொட்டாலோ மாற்றிவிடுங்கள். மோட்டார் புல்லியைப் பெரிதாகவோ சின்னதாகவோ மாற்றினால் பழைய பெல்ட் நம்பரை வாங்காதீர்கள், நீளமும் மாறும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஸ்விட்சை அணைத்தாலும் கிளட்ச் மோட்டார் உடனே நிற்காது, உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த நேரம் தெரியாமல் பெடலில் கால் பட்டால் விரல் போய்விடும். அதனால் அணைத்ததும் பெடலை ஒருமுறை மிதித்து மிச்ச ஓட்டத்தை இறக்கிவிட்டு, சத்தம் முழுசாக அடங்கிய பிறகே பெல்ட்டைத் தொடுகிறேன்.