அடிமானம் 36-ஐத் தாண்ட வேண்டுமா? பாரி ஜிபி பயன்படுத்துங்கள்

எண்களை விதவிதமான அடிமானங்களில் (அதாவது ‘பேஸ்’களில்: நாம் அன்றாடம் எழுதுவது பத்தடிமானம், 0-உம் 1-உம் மட்டும் வைத்து எழுதுவது இரண்டடிமானம்) எழுதிப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு பாரி ஜிபி மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முற்றிலும் இலவசம். பிரான்சின் போர்டோ நகரில் ஆன்ரி கோயன் குழுவினர் 1980-களில் தொடங்கியது. எண் கோட்பாட்டு ஆராய்ச்சிக்காக வந்ததுதான் என்றாலும், என் பிளஸ் ஒன் மாணவர்களோடு நான் அதிகம் பயன்படுத்துவது அதிலுள்ள ‘டிஜிட்ஸ்’ கட்டளையைத்தான்.

எண்ணையும் அடிமானத்தையும் கொடுத்தால் இலக்கங்களைப் பிரித்துத் தரும், அவ்வளவுதான். ஆனால் மாணவர்கள் வாங்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் 2, 8, 10, 16 என்ற நாலோடு நின்றுவிடுகின்றன. பைதான் நிரல்மொழியின் ‘இன்ட்’ கட்டளை அடிமானம் 36 வரை வாசிக்கும். பத்து இலக்கங்களும் 26 ஆங்கில எழுத்துகளும் தீர்ந்த பிறகு அதற்கு வழியில்லை. ஜிபிக்கு எழுத்தே தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் சாதாரண எண்ணாகவே, கமா போட்டு, சதுர அடைப்புக்குள் வரிசையாகத் தருகிறது. அடிமானம் 90 ஆனாலும் 9000 ஆனாலும் அதற்கு ஒன்றுதான்.

90 எதற்கு என்று கேட்டால், 8191-க்காக. இரண்டடிமானத்தில் இந்த எண் வரிசையாகப் பதின்மூன்று ஒன்றுகள். டிஜிட்ஸ்(8191, 90) என்று தட்டினால் [1, 1, 1] என்று வரும். 8100, 90, 1 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். இப்படி இரண்டு அடிமானங்களில் வெறும் ஒன்றுகளாக, குறைந்தது மூன்று ஒன்றுகளாக, எழுத முடிகிற எண்கள் இன்றுவரை இரண்டே தெரியும். இன்னொன்று 31: இரண்டடிமானத்தில் 11111, ஐந்தடிமானத்தில் 111. வேறு எண்ணே கிடையாது என்பது பெல்ஜியத்தின் ரெனே கூர்மாக்டிக் பெயரால் வழங்கும் யூகம். 1917-லிருந்து பேசப்படுகிறது, இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

அப்புறம் 19. ஒரே வரியில் ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) எழுதி, 19-ஐ 2 முதல் 17 வரை எல்லா அடிமானங்களிலும் அச்சிடச் சொன்னேன். ஒன்றில்கூட முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வாசிக்க முடியவில்லை. (எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று குறைந்த அடிமானத்தில், 19 என்றால் 18-இல், எப்படியும் 11 என்று வந்துவிடும், அதனால் கணக்கில் சேர்ப்பதில்லை.) 6-க்கு மேல் இந்தக் குணமுள்ள எண்கள் எல்லாமே பகா எண்கள். ஏன் என்று வகுப்பில் கேட்டார்கள். 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 3 × 7 என்றால் 3 × 6-உடன் ஒரு 3, ஆக ஆறடிமானத்தில் 33. பகு எண்கள் பெரும்பாலும் இப்படியே மாட்டிக்கொள்ளும். பகா எண்ணின் வர்க்கத்துக்கு மட்டும் வேறு வழி, 25 என்றால் நான்கடிமானத்தில் 121. இதை ஜிபி சொல்லித் தராது, ஆனால் பட்டியல் கண்முன் இருக்கும்போது மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. வெறும் கட்டளைத் திரைதான், பட்டன் எதுவும் கிடையாது. உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில், ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிய பாணியில் இருக்கின்றன. பூஜ்யத்தைக் கொடுத்தால் காலி அடைப்பு வருகிறது. பூஜ்யத்துக்கு இலக்கமே இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, பள்ளிப் பிள்ளைகளை இது வீணாகக் குழப்புகிறது.

நிறுவத் தயங்குபவர்கள் அவர்களுடைய தளத்திலேயே பிரவுசரில் ஓட்டிப் பார்க்கலாம். ஃபோனில் அடைப்புக்குறிகளைத் தேடித் தட்டுவது எரிச்சல், கீபோர்டு உள்ள கணினியில் உட்காருங்கள்.