டெபியன்: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா?

டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் எந்தப் புதுப் பொதியும் (மென்பொருள் தொகுப்பு) நேராக ஸ்டேபிள் கிளைக்கு வராது. வழக்கமாக முதலில் 'சிட்' என்கிற அன்ஸ்டேபிளில் விழும், அங்கே சில நாட்கள் பெரிய வழு (பிழை) எதுவும் கிளம்பாமல் தாக்குப்பிடித்தால் டெஸ்டிங்குக்கு நகரும், அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறையவைத்து (புது மாற்றங்கள் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தி), மிச்சமிருக்கும் வழுக்களைக் களைந்து, அதையே ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். 2023 ஜூனில் புக்வோர்ம், 2025 ஆகஸ்டில் டிரிக்ஸி, இந்த ஸ்டேபிள் வெளியீடுகள் இரண்டும் இப்படி வந்தவைதான்.

சர்வருக்கு யோசிக்கவே வேண்டாம், ஸ்டேபிள்தான். மென்பொருள் பழசாக இருக்கும், சரி. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெரும்பாலும் அந்தப் பழைய பதிப்புக்குள்ளேயே பொருத்தித் தருவதால் அப்டேட் போட்டு எதுவும் உடைவது அபூர்வம்.

டெஸ்டிங் சொந்த லேப்டாப்புக்கு, அதுவும் புதுசு மேல் ஆசை இருந்தால். பலர் கவனிக்காத ஒன்று: பாதுகாப்புத் திருத்தம் இங்கே பெரும்பாலும் சிட் வழியாகத்தான் வரவேண்டும், அது சார்ந்திருக்கும் வேறொரு பொதி சிக்கிக்கொண்டால் இதுவும் சேர்ந்து காத்துக்கிடக்கும். வழு முற்றினால் பொதியையே தூக்கிவிடுவதும் உண்டு.

டெஸ்டிங்தான் என்று முடிவெடுத்தால் பொதிகளை எங்கிருந்து எடுக்கவேண்டும் என்று சொல்லும் சோர்ஸஸ் கோப்பில் 'டெஸ்டிங்' என்று எழுதாமல் இப்போதைய பெயரான 'ஃபோர்க்கி'யைப் போடுங்கள். அது ஸ்டேபிள் ஆகும் நாளில் நீங்களும் ஸ்டேபிளில் இருப்பீர்கள். இல்லையென்றால் அடுத்த டெஸ்டிங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.